திரையை நம்பும் எஞ்சினீயர்கள்

யந்திரங்களின் உஷ்ணம், அழுத்தம் முதலிய அளவுகளைக் கம்ப்யூட்டரில் திரட்டி, அவற்றைக் கொண்டே அந்த யந்திரங்களை ஆளும் ஸாப்ட்வேர் இன்று நமது எஞ்சினீயரிங் கலாசாலைகளில் பாடமாயிருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பல இடங்களில், 1986-ல் அமெரிக்கக் கம்பெனியொன்று வெளியிட்ட லாப்வியூ போன்ற சாதனத்தில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது, எந்தப் படத்தை எதனுடன் கோட்டால் இணைப்பது என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. சாதனம் சிறந்ததுதான், குறை அதனுடையதன்று.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலையெழுப்புவது. அதை வினாடிக்கு 49 தடவை மட்டும் அளந்து பதிவு செய்தால், திரையில் வினாடிக்கு ஒரே அலை சாவதானமாக நெளிவது தெரியும். கோடு அழகாயிருக்கும், அவ்வளவும் பொய். அளக்கும் வேகம் அலையின் வேகத்தைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டதாயிருக்க வேண்டுமென்ற விதியைப் பரீக்ஷையில் பிழையற எழுதும் மாணாக்கர்கூட, கண்ணெதிரே திரை பொய் சொல்லும்போது அதை மெய்யென்றே கொள்கின்றனர். அந்தப் பொய்யளவை நம்பிக் கொதிகலனின் வால்வைத் திறப்பதும் மூடுவதும் ஸாப்ட்வேரே என்றால், விளைவு என்னவாகும்?

இது வீண் பயமன்று. கனடாவில் தயாரான தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை யந்திரத்தில், முந்திய யந்திரங்களிலிருந்த தனிப் பாதுகாப்புப் பூட்டுக்களை நீக்கி, அவ்வேலையை ஸாப்ட்வேரிடமே ஒப்படைத்தார்கள். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே 6 நோயாளிகள் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். சிலர் அதனால் மாண்டனர். 1986-ல் டெக்ஸாஸில் ஒரு நோயாளியின் உடலில் பன்மடங்கு கதிர் பாய்ந்த சமயத்தில், திரையோ விதித்ததைவிடக் குறைந்த அளவே சென்றதாகக் காட்டியது. இயக்கியவர் திரையை நம்பினார். நம்பாதிருக்க அவருக்கு யார் கற்பித்தார்கள்?

பரிகாரத்துக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுடில்லியிலுள்ள இன்டர் யூனிவர்ஸிட்டி ஆக்ஸிலரேட்டர் ஸென்டர் 2004-ல் ஆரம்பித்த பீனிக்ஸ் திட்டத்தில் பிறந்தது எக்ஸ்ப்-ஐஸ் என்னும் சிறு பெட்டி. அதன் சர்க்யூட்டையும் ஸாப்ட்வேரையும் எவரும் பார்க்கலாம், திருத்தலாம். பைதான் மொழியில் சில வரிகள் எழுதி இயக்கலாம். இத்தகைய கருவியை இரண்டாம் வருஷத்திலேயே மாணாக்கர் கையில் கொடுத்து, மேற்சொன்ன பொய் அலையை முதல் வாரம் அவர்களே உண்டாக்கும்படி செய்யவேண்டும்.

ரிக்கார்டு நோட்டு விஷயமும் ஒன்றுண்டு. முந்திய வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதப்படுவது அது என்பது ஆசிரியர்களுக்கும் தெரிந்த ரகசியமே. அதற்குரிய மார்க்கில் பாதியை எடுத்து, சொல்லாமல் பழுதாக்கி வைத்த ஸென்ஸாரைக் கண்டுபிடிக்கும் மாணாக்கருக்கு அளிக்கும்படி சர்வகலாசாலையாரைக் கேட்டுக்கொள்கிறோம்.