வேலி போடாத காடு



"விவசாயிக்கு எதுக்குங்க டிரேட்மார்க்கு? அதெல்லாம் கம்பெனிக்காரங்க சமாச்சாரம்"னு சென்னையில இருந்து வந்த நண்பர் ஒருத்தர் கேட்டார். நல்ல மனசோடதான் கேட்டார். எனக்குத்தான் கோவம் வந்துருச்சு.

ஆறு வருசமா எங்க காட்டு மஞ்சளை நாங்களே வேக வெச்சு, காய வெச்சு, அரைச்சு பாக்கெட் போடறோம். மேல இருக்கற ஏர்மாட்டுப் படம் என் மக வரைஞ்சது. போன தை மாசம் பழைய வாடிக்கைக்காரம்மா போன் போட்டு, "ஏனுங்ணா, இந்தத் தடவை பொடியில வாசமே இல்லீங்களே"ன்னாங்க. வாங்கிப் பார்த்தா அதே ஏர்மாடு, அதே எழுத்து. உள்ளே இருக்கறது எங்க மஞ்சள் இல்லை. பக்கத்து டவுன் வியாபாரி ஒருத்தர் வேலை. போய்க் கேட்டா, "பதிஞ்சு வெச்சிருக்கீங்களா? காட்டுங்க"ங்கறார்.

பதியலை. பதியாதவனுக்கும் சட்டத்துல வழி இருக்கு. ஆனா நாந்தான் முதல்ல வித்தேன், சனங்க இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கறாங்கன்னு பில்லும் சாட்சியுமா நிரூபிக்கணும். அதுக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னா காட்டுக்குத் தண்ணி யார் கட்டறது?

பதியறதும் லேசில்லை. ஆன்லைன்ல தனி ஆளுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மஞ்சப்பொடி 30ஆம் வகுப்பு, கடலெண்ணெய் 29, பச்சைக் காய்கறி 31. மூணும் விக்கறவன் மூணுக்கும் கட்டணும். அவங்க பரிசீலிச்சு, இதழ்ல வெளியிட்டு, ஆட்சேபணைக்கு நாலு மாசம் விட்டு, அப்புறந்தான் சான்றிதழ். 10 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். இத்தனையும் தெரிஞ்சுதான் சொல்றேன்: முதல் லேபிள் அச்சடிக்கறப்பவே பதிஞ்சிருக்கணும். பதியாதது என் தப்பு.

"ஈரோடு மஞ்சளுக்கு 2019லயே புவிசார் குறியீடு வந்துருச்சே"ம்பீங்க. அது ஊருக்கே பொதுவானது. எந்த மண்ணுல விளைஞ்சதுன்னு சொல்லும், எந்த வீட்டுல அரைச்சதுன்னு சொல்லாது.

பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை ஒரு சாண் வெட்டினா பஞ்சாயத்துக் கூட்டறோம். அதை யாரும் பேராசைங்கறதில்லை. பேரும் படமும் அதே மாதிரி ஆறு வருச உழைப்புல வெளைஞ்ச காடுதாங்க. அதுக்கு வேலி போட்டா மட்டும் 'விவசாயி வியாபாரி ஆயிட்டான்'ங்கறது என்ன நியாயம்? அந்த வேலி எனக்கு மட்டுமில்லை, படத்தை நம்பிப் பாக்கெட் எடுக்கற உங்களுக்குந்தான்.

விண்ணப்பம் போட்டுட்டேன். சான்றிதழ் வர்ற வரைக்கும், பாக்கெட்டோட முன்பக்கப் படத்தை மட்டும் பார்க்காம, திருப்பி விலாசத்தையும் ஒருக்கா படிச்சுருங்க.