மெஸ்காரம்மாவின் பெயர்

மிச்சிகனில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், கோழி வறுவல் சாப்பிடுவதற்கென்றே டெட்ராய்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரை ஓட்டி என்னை ஓர் ஊருக்குக் கூட்டிப்போனான். “ஒரு கோழிக்கா இவ்வளவு தூரம்?” என்றேன். “வந்து பாருங்க பெரியப்பா” என்றான்.

ஊரின் பெயர் ஃபிராங்கன்மூத். ஐயாயிரம் பேர் இருப்பார்கள், நம் முசிறியைவிடச் சின்ன ஊர். 1845இல் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கப்பலேறி வந்த லுத்தரன் குடும்பங்கள் காட்டை வெட்டி உண்டாக்கியது. அங்கிருந்த செவ்விந்தியர்களிடம் ஊழியம் செய்யவென்று லைப்சிக் மிஷன் அனுப்பிய பாயர்லைன் என்ற பாதிரியார், 1853இல் அங்கிருந்து இந்தியாவுக்கு மாற்றப்பட்டு நம் பக்கம் வந்து சேர்ந்தார். பிறகு தமிழ் நாட்டைப் பற்றிப் புத்தகமே எழுதினார். எங்கேயிருந்து எங்கே முடிச்சு விழுகிறது பாருங்கள்.

கடைத்தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பெரிய சாப்பாட்டுக் கடைகள். இரண்டும் ஜெண்டர் என்ற ஒரே குடும்பத்தின் கிளைகள். நாங்கள் போனது பவேரியன் இன். தட்டில் அளந்து வைத்துத் தருகிற பழக்கம் அங்கே இல்லை. கோழி வறுவல், நூடுல்ஸ் போட்ட சூப், மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சாலட் எல்லாம் பெரிய பாத்திரங்களில் மேசை நடுவே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. காலியானால் இன்னொன்று வரும். நம் பந்திதான், இலை மட்டும் இல்லை.

அந்த அடுப்படியை எழுபது வருஷத்துக்கு மேல் ஆண்டவர் டோரதி ஜெண்டர். 1921இல் ஒரு ஜெர்மன் வம்சாவளிக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். பதின்வயதிலேயே அதே இடத்தில் அப்போதிருந்த ஃபிஷர்ஸ் ஹோட்டலில் பரிமாற வந்தார். 1942இல் வில்லியம் ஜெண்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊரில் கணவருக்கு ‘டைனி’ என்று பெயர், பொடியன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1950இல் அந்த ஹோட்டல் ஜெண்டர் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1959இல் அதற்குப் பவேரியக் கட்டட முகப்பு வைத்தார்கள். கணவர் முன்னால் நின்று வரவேற்க, இந்த அம்மா உள்ளே நின்று உப்பு பார்த்தார். கணவர் 2006இல் போனபிறகும் அடுப்படியை விடவில்லை. நூறு வயதைத் தாண்டியும் வந்து நின்றார். சமையல் புத்தகம் எழுதினார். 2023இல், 101 வயதில் இறந்தார்.

அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்கள். பரிமாறிய பெண் பிள்ளைக்கு இருபது வயதுகூட இராது. டோரதி பெயரைச் சொன்னதும், தன் பாட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாள். எனக்குக் கோழி இறங்கவில்லை. முசிறி பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தகரக் கொட்டகை மெஸ் கண்முன் வந்து நின்றுவிட்டது.

எண்பதுகளில் முசிறிக் கல்லூரியில் படித்த நாங்கள் எட்டுப் பேர் மூன்று வருஷம் அங்கேதான் சாப்பிட்டோம். தொட்டியம், தாத்தையங்கார்பேட்டை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் குளித்தலை என்று ஊர் ஊராக வந்த பையன்கள். கோரைப்பாய் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் ஒரு பெஞ்சு, நாங்கள் ஒரு பெஞ்சு. கல்லாவில் இருந்தவர் முதலாளி. உள்ளே விறகு அடுப்பின் முன் குனிந்தே இருந்தவர் அவர் மனைவி, எங்கள் மெஸ்காரம்மா. ஞாயிற்றுக்கிழமை காவிரிக் கெண்டை கிடைத்தால் குழம்பு. கிடைக்காவிட்டால் கத்தரிக்காய், அதையும் மீன் குழம்பு மாதிரியே வைப்பார். முதலாளி இறந்த பதினாறாம் நாள் மெஸ் திறந்துவிட்டது. எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று எட்டுப் பேரில் ஒருவனும் கேட்கவில்லை.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்த வருஷமே சாப்பாட்டுக்கு ஐம்பது பைசா ஏற்றினார். அரிசி விலை ஏறியிருந்தது, விறகு விலை ஏறியிருந்தது. நாங்கள் கூட்டம் போட்டு, ஒரு வாரம் மெஸ்ஸுக்குப் போகாமல் பரோட்டாக் கடையில் கிடந்தோம். போராட்டமாம். எட்டாம் நாள் வயிறு கேட்காமல் திரும்பிப் போனபோது, “வாங்க தம்பி, கை கழுவிட்டு உக்காருங்க” என்றார். ஐம்பது பைசாவைக் குறைத்தும்விட்டார். நாங்கள் வென்றோம் என்று சைக்கிளில் காவிரிப் பாலம்வரை போய்க் கத்திவிட்டு வந்தோம்.

முசிறி என்றதும் சங்கீதம் தெரிந்தவர்கள் சுப்பிரமணிய ஐயரைச் சொல்லுவார்கள். சரித்திரம் படித்தவர்கள் மிளகு ஏற்றிய பழைய துறைமுகத்தைச் சொல்லுவார்கள்; அது சேர நாட்டு முசிறி, நமக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே, ஆனாலும் நாம் பெருமைப்பட்டுக்கொள்வோம். யாரோ பாடியதற்கும் எங்கோ கப்பல் வந்ததற்கும் உரிமை கொண்டாடுகிற நமக்கு, தினம் இலை போட்டவர் பெயர் தெரியாது.

ஜெர்மன்காரர்கள் எழுதி வைக்கிறவர்கள், நமக்கு அந்தப் புத்தி இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா? அதுவும் முடியவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, நம்மவர்களிடம் உங்கள் சாமி என்ன, சடங்கு என்ன, எப்படி வாழ்கிறீர்கள் என்று கேள்வி அனுப்பி, 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய 99 பதில் கடிதங்களைச் சேர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். கேட்டவுடன் நம் ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். திருச்சியில் 1766இல் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்தவக் கோயில் கட்டிய இன்னொரு ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர் நம் முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும் சாப்பிட்டார் என்பதுகூட எழுத்தில் இருக்கிறது. அந்தச் சோற்றை வடித்தது யார் என்பது இல்லை. அங்கேயும் நம் மெஸ்காரம்மா ஒருத்தி கணக்கில் வராமல் போயிருக்கிறாள்.

மெஸ்ஸை மூடிய செய்தி எங்கள் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. ஏழெட்டு அழுகிற பொம்மை முகங்கள் விழுந்தன. அடுத்த பதிவு, “இப்ப முசிறியில நல்ல சாப்பாடு எங்கடா கிடைக்கும்?” கேட்டவன் நான். அதற்கு அடுத்த வருஷம் அந்த அம்மா இறந்துவிட்டார் என்று வந்தது. எங்களில் நாலு பேர் திருச்சியில் இருந்தோம். நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கொரு வேலை இருந்தது. இன்றைக்கு யோசித்தால் அந்த வேலை என்னவென்று நினைவில்லை.

மிச்சிகனிலிருந்து திரும்பியதும் ஒவ்வொருவனுக்கும் போன் போட்டேன். மெஸ்காரம்மா பெயர் என்ன? ஒருவன், “மெஸ்காரம்மாதான், வேற என்ன பேரு” என்றான். இன்னொருவன் பழனியம்மாவா, பாப்பம்மாவா என்று இழுத்துவிட்டு, “கத்தரிக்காக் குழம்புல என்னமோ போடுவாங்கடா” என்று வேறு பக்கம் போய்விட்டான். மூன்றாமவன், ரேஷன் கடைப் பதிவேட்டில் இருக்கும் என்று யோசனை சொன்னான். கடைசியாகக் கூப்பிட்டவன் சென்னையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பேரு தெரியலடா. பரீட்சை முடிஞ்சு கிளம்புறப்ப பதினெட்டு ரூவா பாக்கி வச்சிட்டு வந்தேன். அது தெரியும்.”