வீட்டு மஞ்சளும் வார்ட்டு ஊசியும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போற வழியெல்லாம் மூலிகைத் தோட்டங்கள்தான். எந்த நோவுக்கும் அங்கே ஒரு எண்ணெய் இருக்கு. ஆனால் புற்றுநோய்க்கு ஏற்றும் சிஸ்பிளாட்டின், உட்காதின் மயிர்க்கலங்களையும் அழிக்கக்கூடியது. அழிந்த கலம் மறுபடி முளைக்காது.

மஞ்சளிலுள்ள குர்குமின் அவற்றைக் காக்கலாம் என எலிகளில் கண்டிருக்கிறார்கள். எலி வேறு, எங்கட அம்மா வேறு. காதைக் காப்பது புற்றையும் சேர்த்துக் காத்துவிட்டால்? பரவாத கட்டியுள்ள சிறுவர்களுக்கென அமெரிக்கா 2022இல் அனுமதித்த சோடியம் தயோசல்பேட்டையே, அந்தப் பயத்தில்தான் சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணித்தியாலம் கழித்துக் கொடுக்கிறார்கள்.

கைமருந்தை நாங்கள் கேலி செய்யவில்லை. ஏச்சுக்குப் பயந்து அதை ஒளிக்காதீங்க. டொக்டர்மாரும் ஏசாமல் கேட்கட்டும். முதல் ஊசிக்கு முன்னமே செவிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்க.