அன்று தசை, இன்று கலை

மார்ட்டினா நவ்ரத்திலோவாவை நினைத்துப் பழைய டென்னிஸ் ரசிகர்கள் உருகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சர்வீஸ் போட்டதும் வலையை நோக்கி ஓடிவந்து, பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்த அவரது ஆட்டம் கலையாம். இன்றைய பெண்களிடம் இருப்பது வெறும் பலமாம்.

அந்தக் கலைஞரை 1980களில் எப்படி நடத்தினார்கள்? எடை தூக்கி உடலை உரமேற்றியவரை ஆண்பிள்ளை போலிருக்கிறார் என்று ஏளனம் செய்தார்கள். 1981இல் அவரது பால்விருப்பம் வெளியே தெரிந்ததும் விளம்பர வாய்ப்புகளை இழந்தார். 1983இல் 87 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றார். அப்போதும் முணுமுணுப்பு: இப்படி ஒருத்தியே ஜெயித்தால் சலிக்காதா?

வலையோர ஆட்டம் குறைந்தது பெண்கள் கலையை மறந்ததாலா? மட்டையில் பாலியெஸ்டர் நரம்புகள் வந்தன. ஓடிவருபவரின் காலடியிலேயே பந்தைச் சுழற்றி இறக்க முடிகிறது. 2001 முதல் விம்பிள்டனில் ரைகிராஸ் புல் மட்டுமே. பந்து முன்பைவிட உயர எழுகிறது. ஆண்களின் ஆட்டமும் இதே காரணங்களால்தான் மாறியது. அந்த மாற்றத்துக்காக எந்த ஆணின் தோளையும் தொடையையும் யாரும் பழிக்கவில்லை.

செரீனா வில்லியம்ஸுக்கும் அதே ‘ஆண் உடம்பு’ வசை, கூடவே நிறவெறி. அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். இனி அவரையும் கலைஞராக்கி, அடுத்து வருகிறவளை இகழ்வார்கள். ஆடி முடித்த பெண்ணைக் கொண்டாடுவதில் இவர்களுக்குச் சிரமமில்லை. அவள் இனி யாரையும் தோற்கடிக்கப்போவதில்லை.

மார்ட்டினாவின் ஒன்பது விம்பிள்டன் பட்டங்களை எண்ணுகிறவர்கள், அவர்மேல் எறிந்த சொற்களையும் சேர்த்து எண்ணட்டும்.