ஒரு கரண்டி சீனியும் ஒழுக்கவாதிகளும்

உணவுப் பழக்கத்தை மாற்ற முனைந்த ஒருவர் இடையில் ஒருநாள் வழுவிவிட்டால் நம்மவர் வழங்கும் தீர்ப்பு எதுவென்பதை யாவரும் அறிவர். “மனக்கட்டுப்பாடு இல்லாதவர்” என்பர். “நாக்கை அடக்கத் தெரியாதவருக்கு மருந்தெதற்கு?” என்பர். வீட்டார் சொல்வர், கிளினிக்கின் நீண்ட வரிசையில் அருகே நிற்பவரும் சொல்வார். இறுதியில் வழுவியவரே தம்மைப் பற்றி அவ்வாறு சொல்லத் தொடங்கிவிடுகிறார். இத்தீர்ப்பு அறியாமையிற் பிறந்தது, பிற்போக்கானது, மக்களின் உடலுக்கு நேரடியாகத் தீங்கு விளைப்பது. ஆகவே அதனை எதிர்த்து எழுதுகிறோம்.

நாம் அறிந்த ஆசிரியர் ஒருவர் தமக்குச் சீனி வருத்தம் உண்டென அறிந்ததும் தேநீருக்கு இடும் சீனியைக் குறைத்தார். காலையில் பாணை விட்டுக் குரக்கன் பிட்டுக்கு மாறினார். ஆறு வாரம் செவ்வையாக நடந்தது. பின்னர் உறவினர் வீட்டுச் சாமத்தியச் சடங்கொன்றில் பாயசமும் லட்டும் உண்டார். மறுநாள் “எல்லாம் கெட்டுப் போயிற்று” என்று பழைய முறைக்கே திரும்பினார். அதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. “டொக்டரின் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்று கிளினிக்குக்குச் செல்வதையும் நிறுத்தினார், மாத்திரையும் நின்றது. எட்டு மாதங்களின் பின் காலிற் பட்ட சிறு காயம் ஆறாமல் இரண்டு விரல்களை இழந்தார். அவ்விரல்களைப் பறித்தது ஒருநாள் உண்ட லட்டு எனச் சொல்பவர் எவரும் மருத்துவம் அறியாதவரே. எட்டு மாதம் அவரை மருத்துவரிடம் போகவிடாது தடுத்த வெட்கம் யார் கற்பித்தது?

நம் வீடுகளில் உணவைக் கட்டுப்படுத்தும் கலை விரதத்தின் வழியாகவே கற்பிக்கப்பட்டிருக்கிறது. விரதம் ஒன்றில் நிறைவேறும், அல்லது முறியும், இடைநிலை இல்லை. கந்தசஷ்டியின் நான்காம் நாளில் உண்டவர் மிகுதி இரு நாளும் நோற்பதிற் பயன் காண்பதில்லை. வழிபாட்டுக்கு அது பொருந்தலாம். அது பற்றி ஈண்டு நாம் வழக்காட வரவில்லை. (முஸ்லிம் சகோதரரின் றமழான் நோன்பிலோ தவறிய நாளுக்குப் பதிலாகப் பின்னொரு நாள் நோற்கும் ஏற்பாடு உண்டு, நம் ஒழுக்கவாதிகளைக் காட்டிலும் அது இரக்கமுடையது.) ஆனால் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டிய உணவு மாற்றத்தை விரதத்தின் அளவுகோலால் அளப்பது பெரும் பிழை.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. ஆக 15 கரண்டி. தேக்கரண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் என்றால் 60 கிராம். நாளுக்கு 2000 கலோரி உண்பவர் இவ்வாறு சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்துதல் இன்னும் நன்று என்பது 2015 இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய வரம்பு. இவர் தேநீருக்கு ஒரு கரண்டியாகக் குறைத்தால் நாளுக்கு 10 கரண்டி மிச்சம். ஆறு வாரத்தில் 420 கரண்டி. சடங்கு வீட்டிலே 20 கரண்டி கூடுதலாக உள்ளே சென்றது என்றே கொள்வோம். எஞ்சுவது 400. அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட சீனி அவர் உடலிற் சேரவில்லை. இதனை எந்த மாணவனும் கழித்துச் சொல்வான். ஆனால் “எல்லாம் கெட்டது” என்று பழைய முறைக்குத் திரும்பினால் அந்த 400 கரண்டியும் 40 நாளில் உள்ளே போய்விடும். மருத்துவரும் ஒருநாட் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. எச்பிஏ1சி எனப்படும் இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையையே காட்டுகிறது.

உளவியலாரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1975 இல் ஹேர்மன், மாக் என்னும் இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவிகளிற் சிலருக்கு இனிப்புப் பாற்பானம் அருந்தக் கொடுத்து, பின்னர் வேண்டிய அளவு ஐஸ்கிறீம் சுவைக்க விட்டனர். உணவில் வழமையாகக் கட்டுப்பாடு பேணாதோர், பானம் அருந்தியபின் ஐஸ்கிறீமைக் குறைவாக உண்டனர். கடுங்கட்டுப்பாடு பேணியோரோ பானம் அருந்தியபின் முன்னிலும் அதிகம் உண்டனர்! கட்டுப்பாடு முறிந்துவிட்டது, இனிக் காப்பதற்கு என்ன உண்டு என்ற எண்ணமே இதற்குக் காரணமென விளக்கினர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரிடம் புதுப் பழக்கம் எவ்வாறு வேரூன்றுகிறது என ஆராய்ந்து 2009 இல் முடிவை வெளியிட்டனர். சிலருக்கு 18 நாள். வேறு சிலருக்கு 254 நாள் வரையும் வேண்டியிருக்குமெனக் கணித்தனர். இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. “ஒருமுறை தவறினால் எல்லாம் தவறியது” என்ற நம் மூதுரைக்காரர் இதற்கு என்ன விடை பகர்வர்?

இனி, எவருடைய பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்? பாணும் சீனித் தேநீரும் தனி ஒருவரின் நாவிற் பிறந்த ஆசைகளல்ல. தோட்டத்துரைமார் தேயிலையை இந்நாட்டில் நட்டனர். 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, பங்கீட்டு அட்டையோடு கோதுமை மாவும் வீடுகளுட் புகுந்தது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தாலாக மக்கள் எழுந்ததும் நம் வாசகர் அறியாததன்று. லயத்துத் தொழிலாளிக்கு சீனி போட்ட பிளேன்ரீயும் ரொட்டியும் பசியாற்றும் மலிவான வழி. தலைமுறைகளாக வரலாறு வனைந்த ஒரு பழக்கம் தனி ஒருவரின் சபதத்தால் ஒருநாளும் பிசகாமல் ஒழியும் என எதிர்பார்ப்பது எவ்வகை அறிவு?

யாழ்ப்பாணத்தில் இதற்கு வேறொரு பரிமாணமும் உண்டு. இங்கு தேநீர் வெறும் பானமன்று. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளில் எல்லாருக்கும் சமமான இருக்கையும் கோப்பையும் வேண்டுமெனப் போராடி உயிர் கொடுத்தவர்கள் இம்மண்ணில் உண்டு. இன்னாருடைய வீட்டிலே தண்ணீரும் அருந்தோம் என்று இருந்த சாதித் திமிர் முற்றாக ஒழிந்ததெனச் சொல்ல இன்றும் நமக்குத் துணிவில்லை. ஒடுக்கப்பட்ட கிராமமொன்றில் மாணவனுடைய வீட்டுக்குச் செல்லும் ஆசிரியருக்கு, அவனுடைய தாய் மூன்று கரண்டி சீனியிட்ட தேநீரைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். “எனக்கு வேண்டாம் அம்மா” என்றால் அச்சொல் அவள் செவியில் எவ்வாறு ஒலிக்கும்? ஆசிரியர் அதனை வாங்கிக் குடிக்கிறார். குடித்ததே சரி என்பது நம் கருத்து. நோயைச் சொல்லி அடுத்தமுறை சீனி குறைத்துத் தரும்படி அவர் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கோப்பையை அவருடைய ஒழுக்கக் கேட்டின் பேரேட்டில் எழுத எவருக்கும் உரிமையில்லை.

நம் அணியிலேயே சிலர் வேறுவகையிற் பேசுகின்றனர். உணவும் உடலும் தனிமனிதப் பிரச்சினை, குட்டி முதலாளித்துவக் கவலை. சமுதாய அமைப்பு மாறினால் யாவும் மாறும் என்பது அவர்கள் வாதம். போத்தற் பானங்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் 2016 இலும், அவற்றின் சீனிக்கு வரி 2017 இலும் வந்தன. இவை வேண்டியவை, போதாதவை. ஆயினும் அமைப்பு மாறும்வரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள் என்று அந்தத் தோழர்கள் நோயாளிக்குச் சொல்வார்களா? விரலிழந்த ஆசிரியர் ஊர்வலத்துக்கு எவ்வாறு நடந்து வருவார்?

வழுவியவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. அடுத்த வேளை உணவை, தாம் மேற்கொண்ட முறைப்படி உண்பதே அது. அடுத்த திங்கட்கிழமை என்றோ, தை பிறக்கட்டும் என்றோ தள்ளிப்போடலாகாது. உண்டதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடப்பதும் ஆகாது; இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் உணவை விட்டால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வழுவல் எங்கே, எவ்வேளையில் நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பரீட்சைக் கடமையில் மதியம் உண்ணாமலிருந்துவிட்டு நாலு மணிக்குப் பணிசும் சோடாவும் வாங்கியவரின் குறை மனவுறுதியிலன்று, மதிய உணவில். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கிளினிக்கில் ஏசினாலும் அடுத்த தவணைக்குப் போக வேண்டும். ஏசும் வழக்கத்தை விடும்படி சுகாதாரத் துறையிலுள்ள நம் தோழர்கள் தம் சகாக்களிடம் சொல்லட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் தொழிற்சங்கக் கூட்டங்களில் தேநீர் பெரிய பாத்திரத்தில் சீனியோடு கலந்தே வருகிறது. அடுத்த கூட்டத்திலிருந்து தேநீரைச் சீனியின்றி ஊற்றி, சீனியை வேறு கிண்ணத்தில் வைக்கும்படி கிளைக் குழுக்கள் தீர்மானிக்கட்டும். வேண்டியவர் வேண்டியளவு இட்டுக்கொள்வர். நேற்றுக் கூடுதலாக இட்டவர் இன்று குறைத்து இடுவதற்கும் அப்போது எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிராது.