உல்லாசத் தீவில் நம் கூலிகள்

கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குக் கடற்கரை அழகைக் காணச் சீமான்கள் போகிறார்கள். போகட்டும். அங்கே பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணியின் பெயர் ‘மதராஸ்’! கப்பெஸ்தேர் ஊரில் மாரியம்மன் கோயிலும் உண்டு. எப்படி வந்தன இவை?

1848-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்புத் தொழிலாளர் பலர் பழைய எஜமானனின் கரும்புக் காட்டில் அற்பக் கூலிக்கு மாடாய் உழைக்க மறுத்தனர். சர்க்கரை முதலாளி சும்மா இருப்பானா? நம் பக்கம் திரும்பினான். 1854 முதல் 1889 வரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சுமார் 42,000 இந்தியர்கள் அங்கே இறக்கப்பட்டனர். அவர்களில் பலர் நம் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறியவர்கள். இந்தக் கதை நம் பள்ளிப் பாடத்தில் ஏறவேண்டாமா? அவர்கள் பிள்ளைகளின் ஓட்டுரிமைக்காக, அத்தீவிலேயே பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-ல் வழக்காடத் தொடங்கினார், 1923-ல்தான் வென்றார்.