நூறு ரூபாயில் ஒரு தமிழ்ப் பாடம்

மொரீஷியஸ் போகலாம் என்று ஆரம்பித்தது என் மகன்தான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு கேட்டான். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

விமான நிலையத்தை விட்டுக் கார் கிளம்பியதுமே இருபுறமும் கரும்புத் தோட்டம். நடுநடுவே கறுப்புக் கற்களை மேடு மேடாகக் குவித்திருக்கிறார்கள். எரிமலையால் உருவான தீவு அது. கரும்பு நடுவதற்காக நிலத்திலிருந்து பொறுக்கி எடுத்த கற்களாம்.

அங்கே எல்லோரும் கிரியோல் பேசுகிறார்கள். பிரெஞ்சும் புரிகிறது. பெங்களூரில் வளர்ந்த என் மகன் பள்ளியில் எடுத்த மொழி பிரெஞ்சு. நிறைய மார்க் வரும் என்று நான்தான் சேர்த்துவிட்டேன். கடைக்காரர்களிடம் அவன் பிரெஞ்சில் விலை கேட்க, அவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் டிரைவரின் பெயர் ‘பிள்ளை’ என்று முடிந்தது. “தமிழா?” என்றேன். “ஆமாம் மேடம், ஆனால் பேச வராது” என்றார் ஆங்கிலத்தில். ஆனால் முருங்கைக்கீரை அவர் வீட்டில் ‘முரூம்’. ரசம் ‘ரசோன்’. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. காவடி முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு என்று அவர் சொன்னபோது எனக்கே நாக்கு ஊறியது.

சமரேலின் ஏழு நிற மண்ணைக் காட்டினார். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையைக் காட்டினார். கடைசியாக, தலைநகர் போர்ட் லூயிஸில் ஆப்பிரவாசி காட். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய துறை. ஏறக்குறைய 5 லட்சம் பேர் வந்த தீவு இது. மிச்சமிருக்கும் கல் படிகள் பதினாறுதான். அவற்றின் முன்னால் டிரைவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்.

வெளியே வந்து ‘தால் பூரி’ வாங்கினோம். வெல்லம் போடாத பருப்புப் போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குழம்பு, சட்னி. ஜோடியாகத்தான் தருவார்கள். மீதிச் சில்லறையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு வந்தது. அதில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற அந்நாட்டுத் தமிழ்த் தலைவரின் படம். ஆங்கிலத்துக்கு அடுத்து, தமிழ் எழுத்து!

“1998-ல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் போராடினார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்தார்கள்” என்றார் டிரைவர். பிறகு நோட்டை என் மகனிடம் நீட்டினார். “எனக்குப் படிக்கத் தெரியாது. நீ இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பையன். எப்படிச் சொல்வது என்று படித்துக் காட்டேன்.”

மகன் நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறவன்தான். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

“நூறு” என்றேன் நான். டிரைவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மகனும் மெதுவாகச் சொன்னான். “என் பெண் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்திருக்கிறாள். இன்றைக்குப் போய் அவளிடம் சொல்கிறேன்” என்று டிரைவர் சந்தோஷப்பட்டார்.

எனக்குத்தான் தால் பூரி தொண்டையில் இறங்கவில்லை. பேச்சை இழந்தும் எழுத்துக்காகப் போராடியவர்கள் அவர்கள். கையில் இருந்ததை மார்க்குக்காக விட்டுக்கொடுத்தவள் நான்.

அந்த நோட்டு இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் மகன் உயிரெழுத்து பன்னிரண்டும் முடித்துவிட்டான். மெய்யெழுத்தில் ‘ங்’ இன்னும் தகராறு செய்கிறது. வாத்தியார் வேறு யார்? நான்தான்!